மினி கூப்பர் எஸ் ஆர்53: சூப்பர்சார்ஜர் இன்ஜினில் கூடுதல் பவர் எடுக்க முழுமையான வழிகாட்டி

2002 மாடல் முதல் 2006 மாடல் வரை ஆக்ஸ்ஃபோர்டில் தயாரான மினி கூப்பர் எஸ் காரை அதன் உள்குறியீடான ஆர்53 என்ற பெயரில்தான் இன்றும் பலர் சொல்கிறார்கள். உள்ளே இருப்பது டிரைடெக் என்ற 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், 16 வால்வு இன்ஜின். கிரைஸ்லரும் பிஎம்டபிள்யூவும் கூட்டாகத் தொடங்கிய பிரேசில் ஆலையில், காம்போ லார்கோ என்ற ஊரில் செய்யப்பட்டது. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், 8.3:1 கம்ப்ரஷன். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது. இதையே பிளோயர் என்றும் சொல்வார்கள். முதலில் 163 எச்.பி. கொடுத்தது, 2004இல் செய்த மாற்றங்களுக்குப் பிறகு 170. அடுத்து வந்த தலைமுறை டர்போவுக்குப் போய்விட்டதால், பெல்ட்டில் ஓடும் பிளோயரின் அந்தச் சீறல் சத்தம் இந்தத் தலைமுறையோடு நின்றுவிட்டது.

இந்த இன்ஜினை தினமும் ஓட்டக்கூடிய, நம்பி வெளியூர் போகக்கூடிய நிலையில் வைத்துக்கொண்டே 200 எச்.பி. பக்கம் கொண்டுபோவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். இது எட்ட முடியாத இலக்கு இல்லை. ஜான் கூப்பர் வொர்க்ஸ் (ஜேசிடபிள்யூ) கிட் வழியாக மினி நிறுவனமே முதலில் 200, பிறகு 210 எச்.பி. எடுத்துக் காட்டியது. 2006இல் 2000 கார்கள் மட்டும் செய்த ஜிபி மாடலில் அது 218 ஆனது. சிறிய புல்லி (பிளோயரைச் சுற்றும் பெல்ட் சக்கரம்), பெரிய இன்ஜெக்டர், திருத்திய ஹெட், புதிய ஈசியூ மேப் (இன்ஜினை ஆளும் கணினியின் அட்டவணைகள்) என்ற அதே பாதையில்தான் நாமும் போகப் போகிறோம். வரிசை மட்டும் மாறக் கூடாது.

ஏன் வரிசை முக்கியம்? சூப்பர்சார்ஜர் இன்ஜினில் கூட்டும் ஒவ்வொரு எச்.பி.க்கும் சூடு என்ற விலை உண்டு. சூட்டைச் சமாளிக்கும் ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டுப் பூஸ்டை (பிளோயர் தரும் கூடுதல் காற்றழுத்தத்தை) கூட்டினால் பவர் நிலைக்கும். பூஸ்டை முதலில் கூட்டினால், ஈசியூ நாக்கிங்கை (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிப்பதை) கண்டு பயந்து டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும். செலவழித்த காசுக்கு சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

எம்45 என்ன செய்கிறது

எம்45 ரூட்ஸ் வகையைச் சேர்ந்தது. மூன்று இதழ் கொண்ட இரண்டு ரோட்டர்கள், 60 டிகிரி முறுக்கில், ஒன்றை ஒன்று தொடாமல் சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.74 லிட்டர் காற்றைத் தள்ளும். உள்ளுக்குள் அது காற்றை அமுக்குவதே இல்லை. கிணற்று வாளி தண்ணீரை எடுத்து மேலே ஊற்றுகிற மாதிரி, ஒரு பக்கக் காற்றை மறுபக்கம் கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். இன்ஜின் குடிக்கிற அளவைவிட அதிகமாகக் கொட்டுவதால் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயில்) காற்று நெருங்கி, அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தக் காற்று திரும்ப ரோட்டர் அறைக்குள் பாய்ந்து, அப்போதுதான் அமுங்குகிறது. இப்படி அமுக்குவது திறமையான வழி கிடையாது. அதனால்தான் ரூட்ஸ் பிளோயர் இவ்வளவு சூடாகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிராங்க் (இன்ஜினின் முதன்மைத் தண்டு) ஒரு சுற்று சுற்றினால் பிளோயர் ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றும். 6000 ஆர்.பி.எம்.மில் பிளோயர் 12,000. வெளியே 25 டிகிரி செல்சியஸ், பூஸ்ட் 0.8 பார், பிளோயரின் திறன் 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து வெளிவரும் காற்று ஏறக்குறைய 124 டிகிரி. அந்தக் காற்றைத் தள்ள கிராங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் பவர் சுமார் 16 எச்.பி. இதற்கு மேல் உராய்வு இழப்பு தனி. இனி 15 சதவீதம் சிறிய புல்லியைப் போட்டு, பூஸ்ட் 1 பாருக்கு ஏறியது என்று கொள்வோம். திறன் 52 சதவீதமாகக் குறையும், வெளிவரும் காற்று 150 டிகிரி, கிராங்க் கொடுக்கும் பவர் சுமார் 23 எச்.பி. பிளோயரிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அந்தச் சூட்டில் 70 சதவீதத்தை எடுத்துவிட்டால், மேனிஃபோல்டுக்குள் போகும் காற்று முதல் நிலையில் 55 டிகிரி, இரண்டாவதில் 63. மொத்த அழுத்தம் 11 சதவீதம் கூடியும் காற்றின் அடர்த்தி எட்டரை சதவீதம்தான் கூடுகிறது. இடையில் காணாமல் போன பங்கு முழுக்க சூடு. இந்த எண்கள் கையில் போட்ட தோராயம்தான். ஆனாலும் எங்கே காசு போடலாம் என்பதை இவை தெளிவாகச் சொல்லிவிடுகின்றன.

முதல் வேலை: இன்ஜின் இதைத் தாங்குமா

இருபது வயது கார் இது. கூடுதல் பவர் பற்றிப் பேசும் முன் இருக்கிற பவர் முழுதாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். ஓடிய இன்ஜின் இளஞ்சூட்டுக்கு ஆறிய நிலையில், த்ராட்டில் முழுதாகத் திறந்து, நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஒன்று மட்டும் தனியே தாழ்ந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த இன்ஜினுக்கு வேண்டியது பழுதுபார்ப்பு.

அடுத்து கிராங்க் புல்லி. இது நடுவில் ரப்பர் வைத்து ஒட்டிய இரண்டு துண்டு புல்லி. ரப்பர் கிழிந்தால் வெளி வளையம் தனியே நழுவும், பூஸ்ட் மெல்லக் குறையும், பெல்ட் ஓரத்தைத் தின்னும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: நடு ஹப்பிலிருந்து வெளி வளையம் வரை வெள்ளை பெயின்ட்டால் ஒரே கோடு போடுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்து இரண்டும் விலகி நின்றால் புல்லி முடிந்தது. சிறிய புல்லி போட்டால் பெல்ட்டின் இழுவை கூடும் என்பதால், சந்தேகம் இருந்தாலே நல்ல டேம்பர் புல்லிக்கு மாறிவிடுவது நல்லது. பெல்ட் டென்ஷனரில் சின்ன ஷாக் அப்சார்பர் ஒன்று இருக்கும். அதில் எண்ணெய் கசிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

மூன்றாவதுதான் பலர் தவறவிடுவது. ஆர்53இல் வாட்டர் பம்ப்பை ஓட்டுவது சூப்பர்சார்ஜர். பிளோயரின் புல்லிக்கு எதிர்முனையில் சின்னக் கியர்கள் இருக்கின்றன, அவைதான் பம்ப்பைச் சுற்றுகின்றன. அந்த முனையில் இருக்கும் எண்ணெய் மிகக் கொஞ்சம். கார் நிறுவனம் வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சொன்ன எண்ணெய் அது. வருடக்கணக்கில் ஓடிய பிளோயரைக் கழற்றினால் அந்தப் பக்கம் அநேகமாக வறண்டு, தார் மாதிரி ஒட்டிக் கிடக்கும். கியர் தேய்ந்தால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் ஹெட் போகும். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரென்றால் புல்லி வாங்கும் முன் பிளோயரை இறக்கி, இரண்டு முனையிலும் சூப்பர்சார்ஜருக்கான எண்ணெயை மாற்றி, வாட்டர் பம்ப்பையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். முன் பம்பரையும் ரேடியேட்டரையும் முன்னால் இழுத்து வைக்கிற, சர்வீஸ் பொசிஷன் என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருப்பதால், வேலை ஒரு நாள் பிடிக்கும். வழிகாட்டி முழுவதிலும் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால், அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பேன்.

அப்புறம் சின்னச் சின்னவை. இன்டர்கூலரின் இரண்டு பக்க ரப்பர் பூட்களை விரித்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் பூஸ்ட் அங்கே கசியும். கூலன்ட் டேங்க் பிளாஸ்டிக், அதன் ஒட்டு விளிம்பில் பிளக்கும். ரேடியேட்டர் ஃபேனின் குறைந்த வேகம் வேலை செய்கிறதா பாருங்கள். அதற்குரிய ரெசிஸ்டர் எரிந்துபோயிருந்தால் ஃபேன் மிகச் சூடான பிறகுதான் ஓடும், டிராஃபிக்கில் நிற்கும்போதெல்லாம் பானட்டுக்குள் வெந்துவிடும். பைபாஸ் வால்வின் கை, வேக்யூம் கொடுக்கும்போது நகர்ந்து, விட்டதும் முழுதாக மூடுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பாதி திறந்தே நிற்கும் வால்வு, அமுக்கிய காற்றைத் திரும்ப பிளோயருக்கே சுழல விட்டு இன்னும் சூடாக்கும்.

இரண்டாவது: இப்போது என்ன நிலை என்று எழுதி வையுங்கள்

ஒன்றையும் மாற்றும் முன் ஒரு லாக் எடுக்க வேண்டும். ஓபிடி போர்ட்டில் (காரின் கணினியோடு பேசும் சாக்கெட்டில்) மாட்டி ஆர்.பி.எம்., மேனிஃபோல்டு அழுத்தம், உள்ளே போகும் காற்றின் வெப்பம், இக்னிஷன் டைமிங், நாக்கிங்குக்காக ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு டைமிங் குறைக்கப்பட்டது, ஃபியூயல் டிரிம் (ஈசியூ பெட்ரோலைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்), கூலன்ட் வெப்பம் எல்லாவற்றையும் பதிவு செய்யும் கருவி வேண்டும். கூடவே எக்ஸாஸ்டில் ஒரு வைட்பேண்ட் சென்சார். காரில் வரும் சென்சார் கலவை சரிநிலையிலிருந்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. முழு பூஸ்டில் நமக்குத் தேவை அந்த எவ்வளவு. அதைக் கண்ணால் பார்க்காமல் டியூன் செய்வதை எந்தக் காரணத்துக்காகவும் நான் ஏற்க மாட்டேன்.

லாக் எடுக்க, காரை நிறுத்திய இடத்திலேயே ஓட்டி பவரை அளக்கும் டைனோவே சிறந்தது. மூன்றாம் கியரில் 2500லிருந்து ரெட்லைன் (அனுமதித்த உச்ச ஆர்.பி.எம்.) வரை ஒரே மூச்சில் போகும் ஓட்டம் பொதுச்சாலைக்கு உரியது இல்லை. ஆர்53ஐ டைனோவில் ஏற்றும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். இந்தக் காரின் இன்டர்கூலர் இன்ஜின் தலைமேல் படுத்திருக்கிறது, காற்று வருவது பானட்டில் உள்ள ஸ்கூப் வழியாக. பெரும்பாலான டைனோக்களில் ஃபேனை பம்பருக்கு எதிரே தரையில் வைப்பார்கள், ரேடியேட்டருக்கு மட்டும் காற்று போகும். இன்டர்கூலர் வெந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு ஓட்டமும் முந்தியதைவிடக் குறைவாகக் காட்டும். ஸ்கூப்புக்கு நேராக இரண்டாவது ஃபேன் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் காற்றின் வெப்பம் ஒரே எண்ணுக்கு இறங்கும் வரை காத்திருங்கள். அப்போதுதான் மாற்றத்துக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேச முடியும்.

163 எச்.பி. காரில் சக்கரத்தில் ஏறக்குறைய 140 வரும். டைனோவுக்கு டைனோ எண் மாறும். அதனால் கடைசிவரை ஒரே டைனோவில் அளந்து, வித்தியாசத்தை மட்டும் நம்புங்கள். ஃபியூயல் டிரிம் கூட்டியோ குறைத்தோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஆரோக்கியம். 8 அல்லது 10 என்று நின்றால் எங்கோ காற்று கசிகிறது, அதைப் பிடிக்காமல் மேலே போகக் கூடாது.

மூன்றாவது: சூட்டை இறக்குவது

இன்டர்கூலருக்கு மேலே, பானட்டின் அடிப்பக்கம் ஸ்கூப்பைச் சுற்றி ஒரு ஃபோம் சீல் இருக்கும். வயதான கார்களில் அது உதிர்ந்துபோய், ஸ்கூப்பில் புகுந்த காற்று இன்டர்கூலரைத் தொடாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். சில பவுண்டு செலவில் அந்த சீலைப் புதிதாக்குவது, விலையுயர்ந்த இன்டர்கூலர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம். காற்றை ஃபின்களுக்குள் வளைத்து இறக்கும் டைவர்ட்டர் தகடும் நல்ல பலன் தரும். ஃபின்களுக்குள் அடைந்த இலை, பூச்சி, எண்ணெய்ப் படிவத்தை வெளியே எடுத்துக் கழுவுங்கள்.

பெரிய இன்டர்கூலர் தேவையா என்பதை லாக்கே சொல்லும். ஓட்டத்தின் முடிவில் உள்ளே போகும் காற்று, வெளி வெப்பத்தைவிட 30 டிகிரிக்குள் அதிகமாக இருந்தால் இருப்பதே போதும். 40, 45 என்று தாண்டினால் வாங்குங்கள். வாங்கும்போது உள்ளே காற்று போக எவ்வளவு தடை கொடுக்கிறது என்றும் கேளுங்கள். குளிர வைக்கிறேன் என்று பூஸ்டையே தின்கிற இன்டர்கூலர்களும் உண்டு. வெப்பமான ஊரில் வசிப்பவர்களுக்கும் டிராக்கில் ஓட்டுபவர்களுக்கும் தண்ணீர்-மெத்தனால் ஸ்பிரே நன்றாக உதவும். ஆனால் டேங்க் காலியானால் மேப் தானாகப் பாதுகாப்பு நிலைக்கு இறங்கும்படி ஏற்பாடு இல்லாமல் அதை மாட்டாதீர்கள்.

ஏர் ஃபில்டர் பற்றிச் சுருக்கமாக. திறந்த கோன் ஃபில்டர் சத்தத்தைக் கூட்டும், இன்ஜின் அறையின் சூட்டுக் காற்றையும் குடிக்கும். வெளிக்காற்றை மட்டும் எடுக்கும் மூடிய பெட்டி உள்ளதை எடுங்கள்.

நான்காவது: பிளக்

புல்லிக்கு முன் பிளக். தொழிற்சாலையிலிருந்து வருவது என்ஜிகே பிகேஆர்6இக்யூயுபி. அதையே ஒரு படி குளிர்ந்த வகையில் பிகேஆர்7இக்யூயுபி என்று வாங்கலாம். குளிர்ந்த பிளக் தன் முனைச் சூட்டை வேகமாக ஹெட்டுக்குக் கடத்தும், முனை கனன்று தானாகவே கலவையைப் பற்றவைக்கும் ஆபத்து குறையும். ஒற்றை எலெக்ட்ரோடு வகை போட்டால் இடைவெளியை 0.7 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். அடர்ந்த கலவைக்குள் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும், இடைவெளி அகன்றிருந்தால் மேல் ஆர்.பி.எம்.மில் மிஸ் அடிக்கும். அலுமினிய ஹெட் என்பதால் இன்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும்.

ஐந்தாவது: புல்லி

பவர் கூடுவது இங்கேதான். சூப்பர்சார்ஜர் புல்லியின் விட்டம் குறைந்தால் பிளோயர் வேகமாகச் சுற்றும். கடைகளில் 15, 17, 19 சதவீதக் குறைப்பு என்று விற்பார்கள். 15 சதவீதம் சிறிய புல்லி என்றால் பிளோயர் வேகம் 15 சதவீதம் கூடும் என்று நினைக்காதீர்கள். 1ஐ 0.85ஆல் வகுத்தால் 1.176. வேகம் 17.6 சதவீதம் கூடும். 19 சதவீதப் புல்லியில் 23.5 சதவீதம். ரெட்லைனுக்குப் பக்கத்தில் பிளோயர் 17,000 ஆர்.பி.எம்.மை நெருங்கிவிடும். அந்த வேகத்தில் எம்45 காற்றைவிட அதிகமாகச் சூட்டைத்தான் தயாரிக்கிறது, ரோட்டர் மேல் உள்ள பூச்சும் பேரிங்கும் சீக்கிரம் தேயும். தினசரி காருக்கு 15. இன்டர்கூலரும் ஸ்பிரேயும் சரியாக இருந்தால் 17. 19ஐ நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் நான்கு இதழ் ரோட்டர் கொண்ட ஈட்டன் டிவிஎஸ் பிளோயருக்கு மாறுவதுதான் வழி, அது வேறு செலவு, வேறு கதை.

வேலை இப்படிப் போகும். வலது முன்சக்கரத்தையும் உள்பக்க லைனரையும் கழற்றுங்கள். இன்ஜின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் தாங்கிக்கொண்டு, அந்தப் பக்க மவுன்ட்டை விடுவியுங்கள். இன்ஜினைச் சற்று ஏற்றி இறக்கினால்தான் புல்லிக்கு நேராகக் கருவியை நுழைக்க இடம் கிடைக்கும். டென்ஷனரை அதற்கென்ற நீண்ட கருவியால் அழுத்தி, ஓட்டையில் பின் குத்திப் பூட்டுங்கள். டென்ஷனரின் ஸ்பிரிங் மிகக் கடினமானது. ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பினால் விரல் போகும். பெல்ட் கழன்று வந்த பிறகு, தொழிற்சாலைப் புல்லியை ஆர்53 புல்லிக்கென்றே செய்த கருவியால் இழுக்க வேண்டும். அது தண்டில் அழுத்தி ஏற்றப்பட்டது. சாதாரண மூன்று கால் புல்லர் ஓரத்தை உடைத்துவிடும்.

புதியதை ஏற்றுவதில் ஒரே விதி: சுத்தியல் கூடாது. தண்டின் நுனியில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் நேராக முன் பேரிங்குக்கும் ரோட்டர் இடைவெளிக்கும் போகிறது. ரோட்டருக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது முடி அளவு இடைவெளிதான். ஹப்பும் வெளி வளையமும் தனித்தனியாக வரும் புல்லி வாங்கினால், ஹப்பைச் சூடாக்கி நழுவவிட்டு, ஆறியபின் வளையத்தைப் போல்ட் போட்டு முடுக்கலாம். பின்னால் அளவு மாற்ற நினைத்தாலும் வளையத்தை மட்டும் கழற்றினால் போதும்.

புல்லி சிறிதானால் பெல்ட்டும் ஒரு அளவு குட்டையாக வேண்டும். பழைய பெல்ட்டையே போட்டால் டென்ஷனர் தன் எல்லைக்குப் போய்விடும், முழு பூஸ்டில் பெல்ட் வழுக்கும். வழுக்குவது லாக்கில் அப்படியே தெரியும்: 5000 வரை ஏறிய பூஸ்ட், அதன்பின் ஆர்.பி.எம். ஏற ஏற இறங்கும்.

ஈசியூ மேனிஃபோல்டு அழுத்தத்தை நேரடியாக அளப்பதால், புல்லி மட்டும் மாற்றிய காரும் ஓடும். நிறையப் பேர் அப்படியே ஓட்டவும் செய்கிறார்கள். ஆனால் மேப் மாற்றும் வரை முழு த்ராட்டிலைத் தொடாதீர்கள். காரணம் அடுத்த பகுதியில்.

ஆறாவது: பெட்ரோல் போதுமா

சூப்பர்சார்ஜர் இன்ஜின் ஒரு எச்.பி.க்கு மணிக்கு 250 முதல் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று கணக்கு வையுங்கள். 200 எச்.பி.க்கு 50 கிலோ. நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 12.5 கிலோ. லிட்டருக்கு 0.74 கிலோ என்ற அடர்த்தியில் அது மணிக்கு 16.9 லிட்டர், நிமிடத்துக்கு 281 சிசி. காரோடு வரும் இன்ஜெக்டர் 330 சிசி. அதாவது 85 சதவீத நேரம் திறந்தே இருக்க வேண்டும். 270 கிராம் கணக்கில் போட்டால் 92 சதவீதம். 85ஐ எல்லையாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அதைத் தாண்டினால் இன்ஜெக்டர் முழுதாக மூடி முழுதாகத் திறக்க நேரம் இல்லாமல் தடுமாறும், ஒரு சிலிண்டரில் மட்டும் கலவை வறண்டாலும் (பெட்ரோல் குறைந்தாலும்) அந்தப் பிஸ்டன்தான் உருகும். ஜேசிடபிள்யூ கிட்டில் வந்த 380 சிசி இன்ஜெக்டர் போட்டால் அதே 200 எச்.பி. 74 முதல் 80 சதவீதத்தில் முடிந்துவிடும். இந்த இலக்குக்கு அது கச்சிதம். 550 போன்ற பெரியவை சும்மா நிற்கும்போது கலவையைச் சீராக வைக்கத் திணறும். தேவையில்லாமல் போகாதீர்கள்.

பெட்ரோல் பங்க்கில் எந்தத் தரம் கிடைக்கிறது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஐரோப்பாவில் ஆக்டேன் எண் 98 ஆர்ஓஎன் என்று எழுதியிருப்பதும் அமெரிக்காவில் 93 என்று எழுதியிருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான், அளக்கும் முறை வேறு. உங்கள் ஊரில் 91 மட்டும் கிடைக்கும் அமெரிக்க மாநிலம் என்றால், டியூனும் 91இல்தான் நடக்க வேண்டும். நல்ல பெட்ரோலில் டியூன் செய்துவிட்டு மட்டமானதை ஊற்றுவதுதான் இந்த இன்ஜின்களுக்கு நடக்கும் மிக மோசமான விஷயம்.

ஏழாவது: மேப்

ஆர்53இன் ஈசியூ, சீமென்ஸ் இஎம்எஸ்2000. ஓபிடி போர்ட் வழியாகவே அதைப் படித்து எழுத முடியும். முதலில் மூலக் கோப்பைப் படித்து இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். எழுதும்போது பேட்டரிக்கு சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், நடுவில் வோல்டேஜ் விழுந்தால் ஈசியூ செத்துவிடும்.

முதலில் இன்ஜெக்டர். புதியதன் அளவையும், வோல்டேஜுக்கு ஏற்ப அது திறக்கத் தாமதிக்கும் நேரத்தையும் உற்பத்தியாளர் தரும் அட்டவணைப்படி பதியுங்கள். இது சரியாக இருந்தால் சும்மா நிற்கும்போதும் நிதானமாக ஓட்டும்போதும் டிரிம் மறுபடி 5 சதவீதத்துக்குள் வரும். வராமல் பூஸ்ட் பக்கம் போகவே கூடாது.

இரண்டாவது, முழு பூஸ்டில் கலவை. இலக்கு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.8 முதல் 12.2 பங்கு காற்று. சரிநிலையை 1 என்று கொள்ளும் லாம்டா கணக்கில் 0.80 முதல் 0.83. ஆரம்பத்தில் 11.5 என்று கொஞ்சம் செழிப்பாகவே (பெட்ரோல் கூடுதலாக) வைத்து, லாக் பார்த்து மெல்ல வறளவிடுங்கள். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரைக் குளிர்விக்கும், அதனால் செழிப்புப் பக்கம் தவறினால் சில எச்.பி. போகும். வறண்ட பக்கம் தவறினால் இன்ஜினே போகும்.

மூன்றாவது இக்னிஷன் டைமிங். இதில் அவசரம் ஆகாது. புதிய பூஸ்ட் வரும் கட்டங்கள் முழுவதிலும் இருப்பதைவிட 3 டிகிரி குறைத்து ஆரம்பியுங்கள். ஒரு ஓட்டம், லாக், பிறகு 1 டிகிரி கூட்டல். ஒவ்வொரு கூட்டலுக்கும் டார்க் (முறுக்கு விசை) ஏறுகிறதா என்று பாருங்கள். ஏற்றம் நின்றாலோ, நாக்கிங்குக்காக ஏதாவது சிலிண்டரில் டைமிங் திரும்பத் திரும்பக் குறைக்கப்பட்டாலோ நிறுத்தி, அங்கிருந்து 2 டிகிரி பின்வாங்குங்கள். எங்கோ ஒரு முறை 1 டிகிரி குறைவது பெரிய விஷயம் இல்லை. ஒரே ஆர்.பி.எம்.மில், ஒரே சிலிண்டரில், எல்லா ஓட்டத்திலும் 3 டிகிரி குறைந்தால் அது எச்சரிக்கை. பங்க் பெட்ரோலில் இந்த இன்ஜின் டார்க் உச்சத்தைத் தொடும் முன்பே நாக்கிங்கைத் தொட்டுவிடும், குறிப்பாக 3500க்கும் 5000க்கும் நடுவே. அங்கே பேராசைப்பட வேண்டாம். மேல் ஆர்.பி.எம்.மில் சற்றுத் தாராளமாகப் போகலாம்.

நாக்கிங் சென்சார் சும்மா சும்மா தொந்தரவு செய்கிறது என்று அதன் உணர்திறனைக் குறைத்துக் கொடுக்கிற டியூனர்கள் இருக்கிறார்கள். டைனோ காகிதத்தில் எண் அழகாக வரும். காகிதத்தை வாங்கிக்கொண்டு போகும் காரின் பிஸ்டன் அதற்கு விலை கொடுக்கும். சென்சார் அமைப்பைத் தொடாத ஆளிடம் மட்டும் போங்கள். அதேபோல, உள்ளே போகும் காற்று சூடாகும்போது டைமிங்கைக் குறைக்கும் அட்டவணையை அணைக்காதீர்கள். இன்னும் சீக்கிரமாக, ஏறக்குறைய 50 டிகிரியிலேயே, மெல்லக் குறைக்கத் தொடங்கும்படி மாற்றுங்கள். ரெட்லைனையும் அப்படியே விடுங்கள், அங்கே எம்45க்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

எட்டாவது: மற்றவை

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் எக்ஸாஸ்டை மாற்றினால் மேல் ஆர்.பி.எம்.மில் சில எச்.பி. வரும். கன்வெர்ட்டரையே எடுத்துவிடுவது பிரிட்டனில் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனச் சோதனையில் தோற்கும், அமெரிக்காவில் சட்டவிரோதம், காற்றுக்கும் கேடு. அதிக ஓட்டம் கொடுக்கும் கன்வெர்ட்டர் வாங்கிப் போடுங்கள். ஜேசிடபிள்யூ கிட்டின் பெரிய பங்கு அதன் ஹெட்டிலிருந்து வந்தது. ஹெட் எப்படியும் இறங்க வேண்டிய நாள் வந்தால், போர்ட் வேலையை அப்போது சேர்த்துச் செய்யுங்கள். பிரேக் ஃப்ளூயிட், பேட், டயர் மூன்றும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் கார் என்பதால் கூடுதல் டார்க்கில் ஸ்டீயரிங் கையை இழுக்கும், தேய்ந்த கன்ட்ரோல் ஆர்ம் புஷ் இருந்தால் இன்னும் மோசம். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் மாற்றங்களைச் சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாவது: சரிபார்த்தல், பராமரிப்பு

15 சதவீதப் புல்லி, பிளக், 380 இன்ஜெக்டர், இன்டேக், மேப் என்ற இந்த முழுத் தொகுப்புக்கு கிராங்கில் 190 முதல் 200 எச்.பி. நியாயமான எதிர்பார்ப்பு. நடு ஆர்.பி.எம்.மில் கிடைக்கும் டார்க்தான் தினமும் ஓட்டும்போது அதிகம் தெரியும்.

முதல் 500 கிலோமீட்டரில் பெல்ட்டைப் பாருங்கள். ஓரம் நூல் பிரிந்திருந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் தூவிய மாதிரி கரும்புள்ளியோ, பளபளக்கும் அலுமினியத் துகளோ இருக்கக் கூடாது. இருந்தால் காரை ஓட்டாமல் டியூனரிடம் எடுத்துச் செல்லுங்கள். இன்ஜின் ஆயிலை 8000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். சூப்பர்சார்ஜர் எண்ணெயை இனி 60,000 கிலோமீட்டருக்கு மேல் விட வேண்டாம்.

டியூன் செய்தது குளிர்காலம் என்றால் கோடையின் மிகச் சூடான வாரத்தில் மறுபடி டைனோவுக்குப் போய் ஒரு லாக் எடுங்கள். 10 டிகிரியில் சுத்தமாக இருந்த மேப், 32 டிகிரியில் நான்காவது சிலிண்டரிலோ மூன்றாவதிலோ டைமிங்கை இழுத்துக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் அந்தக் கட்டங்களில் மட்டும் இன்னும் 1 டிகிரி குறைத்து எழுதி, அதையே நிரந்தர மேப்பாக வையுங்கள்.